நீள ரைடுக்கு பெரிய பேட்டரியா? கணக்கு உதைக்குதே சாமி!

மலை சைக்கிள் ஓட்டறவங்க நாலு பேர் கூடற இடத்துல, "ரெண்டாவதா ஒரு ஈ-பைக் வாங்கலாம்னு இருக்கேன், நீளமான ரைடுக்கு" அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. நீங்க வாயை மூடறதுக்குள்ள பதில் வந்துடும். "800 வாட்-அவர் பேட்டரி எடு. மோட்டார் 100 நியூட்டன் மீட்டருக்கு குறையவே கூடாது." கடைக்காரர் இதைத்தான் சொல்றார். யூட்யூப்ல ஹெல்மெட்டைக் கழட்டாம பேசறவரும் இதைத்தான் சொல்றார். வாங்கின வண்டியை ஆறு மாசமா கராஜ்லயே நிறுத்தி வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொல்றார். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னா ஒண்ணு அது உண்மையா இருக்கணும், இல்லைன்னா ஒருத்தரும் கணக்கு போட்டுப் பார்க்கலைன்னு அர்த்தம். இது ரெண்டாவது ரகம். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

ஈ-பைக்கே பார்க்காதவங்களுக்காக ரெண்டு வரி. நான் பேசறது ஆக்ஸிலரேட்டர் முறுக்கற ஸ்கூட்டர் இல்லை. பெடலை மிதிச்சாத்தான் மோட்டார் கூடச் சேர்ந்து தள்ளும். மிதிக்கறதை நிறுத்தினா அதுவும் நிறுத்திடும். ஐரோப்பாவுல 25 கி.மீ. வேகம் வந்ததும் மோட்டார் கழண்டுக்கணும், தொடர்ந்து தர்ற சக்தி 250 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்த ரெண்டு வேலிக்குள்ள இருக்கற வரைக்கும் சட்டத்தோட கண்ணுல அது சைக்கிள். லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். இந்த "சட்டத்தோட கண்ணுல சைக்கிள்"ங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

நான் பொட்டி தட்டறது ஜெர்மனியோட தென்மேற்கு மூலையில, ஃப்ரைபுர்க்ல. கறுப்புக் காடுன்னு சொல்ற ஷ்வார்ஸ்வால்ட் வீட்டு வாசல்லயே ஆரம்பிக்குது. ஊர் 278 மீட்டர் உயரத்துல இருக்கு, ஊருக்குப் பின்னாடி நிக்கற ஷவுயின்ஸ்லாண்ட் மலை உச்சி 1284 மீட்டர். அதாவது சாப்பிட்டுட்டு கை கழுவற தூரத்துல ஆயிரம் மீட்டர் ஏத்தம். அதைத் தாண்டி நோட்ஷ்ரை கணவாய், அதுக்கு அந்தப் பக்கம் 1493 மீட்டர்ல ஃபெல்ட்பெர்க், தெற்கே பெல்ஷென். ஒரு சுத்து சுத்தி வீட்டுக்கு வந்தா எழுபது எண்பது கி.மீ., 1500 மீட்டருக்கு மேல ஏத்தம். நான் நீள ரைடுன்னு சொல்றது இதைத்தான். காலையில ஏழு மணிக்குக் கிளம்பி, மத்தியானம் ஏதாவது மலை விடுதியில கிழங்கு வறுவலைத் தின்னுட்டு, சாயங்காலம் சேறும் சிரிப்புமா வீடு திரும்பற ரைடு.

என்கிட்ட இருக்கற முதல் வண்டி 25 கிலோ, 85 நியூட்டன் மீட்டர், 625 வாட்-அவர். அது தப்பான வண்டியான்னு கேட்டா இல்லவே இல்லை. ஆபீஸ் விட்டு வந்து ரெண்டு மணி நேரத்துல ரோஸ்கோப்ஃப் மலைக்கு மூணு தடவை ஏறி, போர்டர்லைன் ட்ரெயில்ல மூணு தடவை இறங்கணும்னா அதை விட்டா வேற நாதியில்லை. அதோட வேலை அது, நல்லாவே பண்ணுது. இப்ப ரெண்டாவது வண்டிக்குச் சொல்ற யோசனை என்னன்னா, அதே வண்டியை இன்னும் கொஞ்சம் பெருசா வாங்குங்கறாங்க. வீட்டுல கிரைண்டர் இருக்கு, கூட ஒரு மிக்ஸி வாங்கலாமான்னு கேட்டா, "இதை விடப் பெரிய கிரைண்டரா வாங்குங்க"ன்னு சொல்ற மாதிரி.

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு எங்க அப்பத்தா சொல்லும். அளந்துடுவோம்.

நான் 78 கிலோ, பை, தண்ணி, சட்டை எல்லாம் 6 கிலோ, வண்டி 25 கிலோ. ஆக 109 கிலோ. இதை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு சக்தி வேணும்? பத்தாம் கிளாஸ் பௌதிகம்தான். எடை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கி வாட்-அவரா மாத்தினா கிட்டத்தட்ட 297. காட்டுப் பாதையோட உராய்வு, சேறு எல்லாம் தனி, இப்போதைக்கு விட்டுடலாம். இந்த 297ஐ நானும் மோட்டாரும் பங்கு போட்டுக்கணும். மோட்டார் தர்ற பங்கு பேட்டரியில இருந்து அப்படியே வராது, கால்வாசி கிட்ட சூடாப் போயிடும்.

டர்போவுல, அதாவது என் கால் ஒரு பங்கு, மோட்டார் நாலு பங்குன்னு ஏறினா, மோட்டார் 238 தரணும். அதுக்கு பேட்டரியில இருந்து 305 வாட்-அவர் போகும். ஊரே சிபாரிசு பண்ற 800ஐ 305ஆல வகுத்தா, ஷவுயின்ஸ்லாண்டை ரெண்டரை தடவை ஏறலாம். நேரம் எவ்வளவுன்னு பார்ப்போமா? என் கால் ஒரு சீரா 120 வாட் தரும்னு வெச்சுக்கோங்க, நாப்பதைத் தாண்டின ஆபீஸ் ஆளுக்கு அது கௌரவமான கணக்கு. மோட்டார் 480 தருது. மொத்தம் 600 வாட். அரை மணி நேரத்துல உச்சி! ஆஹா ஓஹோ. ஆனா அந்த ரெண்டரை தடவையையும் கூட்டினா மொத்த ஏத்தமும் ஒரு மணி இருபது நிமிஷத்துல முடிஞ்சுடுது. 800 வாட்-அவர் காலி. இதுக்குப் பேருதான் நீள ரைடா? ரஜினி படத்துல இடைவேளை கூட வந்திருக்காதேய்யா!

இப்ப இன்னொரு வண்டி. 19 கிலோ, 400 வாட்-அவர், சின்ன மோட்டார். நான் ஒரு பங்கு, மோட்டார் ஒரு பங்கு. மொத்த எடை 103 கிலோ, ஆயிரம் மீட்டருக்கு 281 வாட்-அவர். மோட்டாரோட பாதி 140, பேட்டரியில இருந்து 180. 400ஐ 180ஆல வகுத்தா ரெண்டேகால் தடவை. அதாவது பாதி பேட்டரியில கிட்டத்தட்ட அதே உயரம். ஒரு ஏத்தத்துக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். தண்ணி பாட்டில் மாதிரி சட்டத்துல மாட்டிக்கற 250 வாட்-அவர் துணை பேட்டரியைச் சேர்த்தா 650. மூணரை தடவைக்கும் மேல, 3600 மீட்டர். அதுக்கு ஏத்தம் மட்டுமே நாலு மணி நேரத்துக்கு மேல மிதிக்கணும். என் காலு அதுக்கு முன்னாடியே "ஆளை விடு"ன்னு சொல்லிடும்.

என் சண்டையே இந்த இடத்துலதான். நீள ரைடுல முதல்ல தீர்ந்து போறது எது, காலா பேட்டரியா? காலுக்கு மிஞ்சின பேட்டரி வெறும் செங்கல். காலை வேலை வாங்காத மோட்டார், எவ்வளவு பெரிய பேட்டரியைக் கொடுத்தாலும் குடிச்சுத் தீர்த்துடும். தூரத்தைத் தீர்மானிக்கறது பேட்டரியோட அளவு இல்லை, நீங்க ஒண்ணு போட்டா மோட்டார் எத்தனை போடுதுங்கற விகிதம். கடையில இந்த விகிதத்தைப் பத்தி ஒருத்தராவது வாயைத் திறக்கறாங்களா? மாட்டாங்க. விகிதத்தை விலைச் சீட்டுல எழுத முடியாது, 800னு எழுதலாம்.

எடையைப் பத்தி ஒரு நேர்மையான விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இலகு வண்டிக்காரங்க பக்கமும் புருடா உண்டு. "ஆறு கிலோ குறைஞ்சா ரேஞ்ச் எகிறிடும்"னு சொல்றது சுத்தப் பொய். மேல இருக்கற கணக்கையே பாருங்க. ஆறு கிலோ குறைஞ்சதால மிச்சம் வெறும் பத்து வாட்-அவர். விகிதத்தை மாத்தினதால மிச்சம் நூத்துப் பதினஞ்சு. மலைக்கு உங்க வண்டி எடை, உங்க எடை, பையில இருக்கற புளிசாதம் எல்லாம் ஒண்ணுதான்.

அப்ப எடை எதுக்கு முக்கியம்? தூக்கறதுக்கு! நீள ரைடுன்னா தூக்காம முடியவே முடியாது. புயலடிச்ச மறு வாரம் காட்டுப் பாதையில மரம் விழுந்து கிடக்கும். மாட்டு மேய்ச்சல் நிலத்து வேலியில மனுஷன் மட்டும் நுழையற மாதிரி சந்து வெச்சிருப்பாங்க. திரும்பி வர்ற ரயிலுக்கு நாலாவது பிளாட்பாரம், லிஃப்ட் கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், "வேலை செய்யவில்லை". எட்டு மணி நேரம் ஓட்டின முதுகோட 25 கிலோ வண்டியை முப்பத்தி ரெண்டு படி கீழே இறக்கி, முப்பத்தி ரெண்டு படி மேல ஏத்தினேன் போன வருஷம். எண்ணிட்டேதான் ஏறினேன். அப்ப யாராவது வந்து 800 வாட்-அவரோட மகிமையைப் பேசியிருந்தா கதையே வேற.

அடுத்தது, மோட்டார் இல்லாம ஓடற வண்டி. பேட்டரி செத்துடும், இல்லைன்னா மோட்டார் சிவப்பு விளக்கு காட்டிட்டு மக்கர் பண்ணும். வீடு இன்னும் முப்பது கி.மீ. இருக்கு. இப்ப வர்ற மோட்டார்கள் நின்னு போனா பெடலோட தொடர்பு விட்டுடுது, அதனால பெரிய இழுவை இல்லைங்கறது உண்மைதான். ஆனா அந்த 25 கிலோவும், கீழ்நோக்கிப் பாயறதுக்குன்னே செஞ்ச ஒட்டற ரப்பர் தடி டயரும், 170 மில்லிமீட்டர் ஷாக்கும் எங்கேயும் போகாது. சமதரையிலயே நாக்கு தள்ளும். 18, 19 கிலோ, 130 அல்லது 140 மில்லிமீட்டர் ஷாக், நல்லா உருள்ற டயர்னு இருந்தா அது கொஞ்சம் கனமான சைக்கிள், அவ்வளவுதான். முனகிட்டே வீடு வந்து சேர்ந்துடலாம். நீள ரைடுக்கு வண்டி வாங்கறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, "இது செத்தா நான் வீட்டுக்கு வருவேனா?"ங்கறதுதான். கடையில சோதனை ஓட்டம் விடும்போது மோட்டாரை அணைச்சுட்டு ஒரு கி.மீ. ஓட்டிப் பாருங்க. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியா பார்ப்பார். பார்க்கட்டும்.

இப்ப எதிர்க்கட்சியோட வலுவான வாதத்துக்கு வர்றேன். "பெரிய வண்டியையும் இகோவுல ஓட்டலாமே? 800 பேட்டரியை ஒண்ணுக்கு ஒண்ணுல ஓட்டினா நாலு தடவை ஏறலாமே?" ஏறலாம். கணக்குல துளி தப்பு இல்லை. ஆனா சட்டியில இருந்தா அகப்பையில வந்தே தீரும் சாமிகளா. கட்டை விரலுக்குப் பக்கத்துல டர்போ பட்டன் இருக்கு, முன்னாடி போறவர் டர்போவுல போறார், ஏத்தம் செங்குத்தா வருது. எத்தனை பேர் இகோவுலயே இருப்பீங்க? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. அப்படியே மன உறுதி இருந்தாலும், நாலு தடவை ஏற உங்க கால் தர வேண்டிய பங்கு 600 வாட்-அவர். 120 வாட்ல அஞ்சு மணி நேரம் ஏத்தம் மட்டுமே. அந்தக் காலு இருக்கறவருக்கு ஈ-பைக்கே தேவையில்லை. காலுல அவ்வளவு இல்லாதவருக்கு அந்த மிச்ச பேட்டரி பயன்படாது. ஆக யாருக்கு விக்கறாங்க இதை? பயத்துக்கு விக்கறாங்க. "நடுக்காட்டுல தீர்ந்து போச்சுன்னா?"ங்கற பயத்துக்கு.

அந்தப் பயத்துக்கு மருந்து மத்தியான சாப்பாட்டுலயே இருக்கு. இந்தப் பக்கத்து மலை விடுதிகள்ல சாப்பிட வந்தவங்க பிளக் பாயிண்ட் கேட்டா பெரும்பாலும் முகம் சுளிக்கறதில்லை. சாதாரண 4 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 140 வாட்-அவர் ஏத்தும். முக்கால் கிலோ சமாச்சாரம், பையில போட்டுக்கலாம். ஒண்ணுக்கு ஒண்ணு ஓட்டறவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 800 மீட்டர் ஏத்தம். டர்போக்காரருக்கு 450 மீட்டரைத் தாண்டாது. அதே சோறு, அதே பிளக்!

சின்ன மோட்டார் ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்பெஷலைஸ்டு 2020லயே லீவோ எஸ்எல்னு 35 நியூட்டன் மீட்டர், 320 வாட்-அவர் வண்டியைக் கொண்டு வந்தாங்க. அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. 2022ல ட்ரெக் கம்பெனி, டிக்யூங்கற ஜெர்மன் கம்பெனியோட 50 நியூட்டன் மீட்டர் மோட்டாரைப் போட்டு ஃப்யூயல் இஎக்ஸ்இ விட்டாங்க. மோட்டார் எடை ரெண்டு கிலோவுக்கும் கம்மி, சத்தமே கேட்காது. போஷ் 2023ல எஸ்எக்ஸ் மோட்டாரைக் கொண்டு வந்தது. 55 நியூட்டன் மீட்டர், 2 கிலோ, கூட 2 கிலோவுல 400 வாட்-அவர் பேட்டரி. ஒரு குறையும் சொல்லணும். இந்தச் சின்ன மோட்டார்கள் மெதுவா அழுத்தி மிதிக்கறவங்களுக்கு ஒத்து வராது, கியரைக் குறைச்சு வேகமா காலைச் சுத்தணும். முட்டி வலிக்காரனான எனக்கு அதுதான் நல்லதும் கூட. துணை பேட்டரிக்காரங்க பண்ற அக்கிரமம் ஒண்ணு இருக்கு. அது உட்கார்ற இடம் தண்ணி பாட்டிலோட இடம்! நீள ரைடுக்குன்னு பேட்டரியை மாட்டிக்கிட்டு தண்ணியை முதுகுல சுமக்கணுமாம். இதை டிசைன் பண்ணினவர் ஆகஸ்டு மாசம் வெளியில போனதே இல்லை போல.

விலையில ஆதாயம் உண்டான்னு கேட்டா கிடையாது. இலகு வண்டி விலை கம்மியில்லை, சில சமயம் கூடவே இருக்கும். தங்கமணிகிட்ட சொல்லும்போது இந்தப் பத்தியைத் தாண்டிடவும்.

பணத்துல உண்மையான பொறி வேற இடத்துல இருக்கு. ரெண்டாவது வண்டி வாங்கறவங்க பெரும்பாலும் நினைக்கறது, "முதல் வண்டி பேட்டரியை இதுலயும் போட்டுக்கலாம், நீள ரைடுக்கு ரெண்டையும் எடுத்துட்டுப் போகலாம்". போட முடியாது. வேற கம்பெனி பேட்டரி பொருந்தாதுங்கறது போகட்டும், ஒரே கம்பெனியோட பழசும் புதுசுமே பல சமயம் பொருந்தாது. போஷ் 2021ல ஸ்மார்ட் சிஸ்டம்னு புதுசா மாத்தினப்ப, அதுக்கு முந்தின தலைமுறை பேட்டரியும் சார்ஜரும் புதுசுல வேலை செய்யாதுன்னு ஆகிடுச்சு. ஒரு பேட்டரி எழுநூறுல இருந்து ஆயிரம் யூரோ. செல்போன் சார்ஜரை எல்லாம் ஒண்ணாக்கணும்னு சட்டம் போட்டு சாதிச்ச ஊரு இது, இந்தச் சைக்கிள்காரங்ககிட்ட மட்டும் ஒண்ணும் நடக்கலை. ஐரோப்பிய யூனியனோட 2023ஆம் வருஷத்து பேட்டரி சட்டம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. 2027 பிப்ரவரி 18 முதல், இந்த மாதிரி வண்டிகளோட பேட்டரியை வெளி மெக்கானிக்கும் கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும், உள்ளே இருக்கற செல்லையும்தான். ஒரு மாடலை விக்கறதை நிறுத்தின பிறகும் அஞ்சு வருஷத்துக்கு மாத்து பேட்டரி கிடைக்கணும். ஆனா ஒருத்தனோடது இன்னொருத்தன் வண்டியில பொருந்தணும்னு அதுலயும் இல்லை.

இதை லேசா எடுத்துக்காதீங்க. ஆம்ஸ்டர்டாம்ல ஓஹோன்னு இருந்த வேன்மூஃப் 2023 ஜூலையில திவாலாச்சு. பூட்டு திறக்கறதே ஆப்லங்கற வண்டி, சர்வர் நின்னா என்னாகும்னு ஜனங்க அலறினாங்க. வேற ஒரு கம்பெனி வந்து அதை எடுத்துக்கிச்சு, அது வேற கதை. அதனால ரெண்டாவது வண்டியோட மோட்டார் யாருது, சார்ஜர் முதல் வண்டிக்கும் ஆகுமா, ஊருல ரிப்பேர் பார்க்க யார் இருக்காங்கன்னு கேளுங்க. நியூட்டன் மீட்டரை அப்புறமா கேட்டுக்கலாம்.

இப்ப, ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, "சட்டத்தோட கண்ணுல சைக்கிள்". என் கோபத்துல பாதி இதுக்குத்தான்.

ட்ரோன் பண்ற டிஜேஐ 2024ல அவினாக்ஸ்னு ஒரு மோட்டாரை இறக்கினாங்க. 105 நியூட்டன் மீட்டர், பூஸ்ட்ல 120, உச்ச சக்தி 1000 வாட். 250 வாட்னு சட்டம் இருக்கேன்னு கேட்டா, அது தொடர்ந்து தர்ற சக்திக்கு, கொஞ்ச நேரத்துக்குத் தர்ற உச்ச சக்திக்கு வரம்பு எழுதலை. அந்த ஓட்டைக்குள்ள லாரியே போகுது. போட்டியில தோத்துடக் கூடாதுன்னு போஷ் 2025 கோடையில தன்னோட பெரிய மோட்டாரை சாஃப்ட்வேர் மூலமாவே 85ல இருந்து 100க்கு ஏத்திச்சு. மத்தவங்க சும்மா இருப்பாங்களா? இந்த வெறி எங்க போய் முடியும்னு பயந்துதான், ஜெர்மன் சைக்கிள் தொழில் சங்கமே 2025ல, உச்ச சக்தி 750 வாட், உதவி ஒண்ணுக்கு நாலுன்னு நாமளே வரம்பு வெச்சுக்கலாம்னு யோசனை சொல்லிச்சு. ஒண்ணுக்கு நாலும் எனக்கு அதிகம்தான், ஆனா வேலி வேணும்ங்கற எண்ணமாவது வந்ததே. உடனே ஒரு கூட்டம், "தொழில்நுட்ப வளர்ச்சியைத் தடுக்கறாங்க"ன்னு கொடி பிடிச்சது. அடப் போங்கய்யா.

நான் ஓட்டற இடத்துல நிலைமை என்னன்னு சொல்றேன். பாடன்-வுயூர்ட்டம்பெர்க் மாநிலத்துக் காட்டுச் சட்டப்படி, ரெண்டு மீட்டருக்குக் குறுகலான காட்டுப் பாதையில சைக்கிளே ஓட்டக் கூடாது, மோட்டார் இல்லாத சைக்கிளும்தான். அனுமதி வாங்கின ட்ரெயில்கள் மட்டும் விதிவிலக்கு. நான் சொன்ன போர்டர்லைன் அப்படி உள்ளூர் மலை சைக்கிள் சங்கத்துக்காரங்க அலைஞ்சு திரிஞ்சு, மண்வெட்டி பிடிச்சு உண்டாக்கினது. அந்த ஒவ்வொரு மீட்டர் பாதைக்குப் பின்னாடியும் வனத்துறை, வேட்டைக்காரங்க, நடைப்பயணிகள்னு எல்லாரோடயும் நடந்த பேச்சுவார்த்தை இருக்கு. இந்த நேரத்துல, மேல்நோக்கி இருபது கி.மீ. வேகத்துல புழுதி கிளப்பிட்டு ஒருத்தர் போனா, கைத்தடியோட நடந்து வர்ற பெரியவர் என்ன நினைப்பார்? "இது சைக்கிளா?"ன்னுதான். அவர் கேட்கறது நியாயமான கேள்வி. நாளைக்கு அதே கேள்வியை அரசாங்கமும் கேட்டு, "இல்லை, இது மொபெட்"னு முடிவு பண்ணினா நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் வரும், காட்டுப் பாதை மொத்தமா போகும். 100 நியூட்டன் மீட்டர் வாங்கினவருக்கு மட்டும் இல்லை. 50 வாங்கினவருக்கும், முட்டி வலிக்காக ஈ-பைக்குக்கு மாறின அறுபது வயசு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் போகும். உங்க பவர் உங்க காசு, சரி. பாதை உங்க அப்பன் வீட்டுச் சொத்து இல்லையே.

"மோட்டாரே ஏமாத்து வேலை, காலால மிதிக்கத் துப்பில்லாதவன்"னு சொல்ற சுத்த சைவக் கோஷ்டி ஒண்ணு இருக்கு. அவங்களுக்கு பதில் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. மருந்து, மாத்திரை, மூக்குக் கண்ணாடி எல்லாம் கூட ஏமாத்து வேலைதான், கழட்டி வெச்சுட்டு வாங்க, பேசலாம்.

பெரிய பேட்டரி யாருக்குமே வேண்டாம்னு சொல்ல வரலை. 110 கிலோ இருக்கறவர், இதய ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் பேச்சைக் கேட்டு மெல்ல ஓட்டறவர், பின்னாடி ட்ரெய்லர்ல குழந்தையை இழுக்கறவர், இவங்களுக்கு மோட்டார்தான் அதிகப் பங்கு போடணும், பேட்டரியும் பெருசா இருக்கணும். ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும்ங்கறவருக்கும் நான் வேற மாதிரிதான் சொல்லுவேன். என் வாதம், ஏற்கெனவே பெருசு ஒண்ணை வெச்சுக்கிட்டு, நாள் முழுக்க ஓட்டணும்னு ரெண்டாவது தேடறவங்களுக்கு. உங்க கால் இன்னும் வேலை செய்யுதுன்னா அதையும் கணக்குல சேருங்க. அது வாட்-அவர் கம்பெனிக்காரன் விக்க முடியாத பேட்டரி.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு மாப்ள போன்ல கேட்டான், "வாங்கறதுதான் வாங்கற, லீவுக்கு வரும்போது ஊட்டி ரோட்டுக்கு எடுத்துட்டு வாயேன்". ராசா, 160 வாட்-அவருக்கு மேல இருக்கற பேட்டரியை பயணியா ப்ளேன்ல கொண்டு வர விட மாட்டாங்க, 160க்கே ஏர்லைன்ஸ்காரன்கிட்ட அனுமதி வாங்கணும். அதனால உனக்கு போட்டோ மட்டும்தான்.

இப்போதைக்கு என் பட்டியல்ல மிஞ்சியிருக்கறது ரெண்டு வண்டி. ஒண்ணு 50 நியூட்டன் மீட்டர், இன்னொண்ணு 55. ரெண்டும் 20 கிலோவுக்குக் கீழே, ரெண்டுக்கும் துணை பேட்டரி உண்டு. 55 இருக்கற வண்டியில தண்ணி பாட்டிலுக்கு இன்னொரு இடம் இருக்கு, அதனால மனசு அந்தப் பக்கம் சாயுது. வர்ற சனிக்கிழமை மோட்டாரை அணைச்சுட்டு ரெண்டையும் ஷவுயின்ஸ்லாண்ட் அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போறேன். யாராவது ஏற்கெனவே இந்த மாதிரி வண்டியில ரெண்டு மூணு சீசன் ஓட்டியிருந்தா, பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. "800 வாங்கு"ன்னு மட்டும் எழுதறதா இருந்தா, கூடவே கணக்கும் போட்டு எழுதுங்க, சண்டை போட வசதியா இருக்கும் :-)

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு வண்டியோ, தொப்பியோ, ஒரு சொட்டு செயின் எண்ணெயோ கூட ஓசியில தரலை. தந்தா இந்தப் பதிவை மாத்தி எழுதுவேனான்னு கேக்காதீங்க, முதல்ல தரட்டும்.